டிபோர்ட்டேஷன்: நாடுகடத்தலா, கடத்தலா?

நாஜி முகாம்களிலிருந்து உயிர் பிழைத்த யூதர்களின் நினைவுகளைத் தமிழில் எழுதும்போது அடிக்கடி இடறும் சொல் டிபோர்ட்டேஷன். கை தானாகவே ‘நாடுகடத்தல்’ என்று எழுதிவிடும். பல இடங்களில் அது பொருந்துவதில்லை.

சொல்லின் வேர் லத்தீன். ‘டே’ என்றால் அப்பால், ‘போர்த்தாரே’ என்றால் சுமந்து செல்லுதல். ரோமப் பேரரசில் இது ஒரு தண்டனையின் பெயராகவும் இருந்தது. குற்றவாளியைத் தீவுக்கு அனுப்புவார்கள். குடியுரிமை போகும், சொத்தும் போகும். ஆங்கிலேயர் காலத்தில் நம்மூரில் ‘தீவாந்தர தண்டனை’ என்றார்களே, கிட்டத்தட்ட அதுதான். கொடுமைதான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு குற்றமும் தீர்ப்பும் உண்டு. இன்றைக்கு விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்புவதிலும் ஏதோ ஒரு சட்டம் இருக்கிறது. அங்கெல்லாம் நாடுகடத்தல் சரியான சொல்.

இனி 1942க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூலை 22 தொடங்கி செப்டம்பர் வரை வார்சா கெட்டோவிலிருந்து, அதாவது யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதியிலிருந்து, சுமார் 2,65,000 யூதர்களை ரயிலேற்றி திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இரண்டு ஊரும் போலந்தில்தான் இருக்கின்றன. யாரும் எந்த நாட்டு எல்லையையும் தாண்டவில்லை. நாஜிகள் இதற்கு வைத்த பெயர் ‘உம்சீட்லுங்’, அதாவது மறுகுடியமர்த்தல். அணைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு மாற்று இடம் ஒதுக்கியதுபோல ஒலிக்கிறது!

எல்லை தாண்டியவர்கள் விஷயத்திலும் சிக்கல் தீரவில்லை. இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லெவி 1943 டிசம்பரில் பிடிபட்டார். 1944 பிப்ரவரி 22 அன்று இத்தாலியின் ஃபொஸ்ஸோலி முகாமிலிருந்து கிளம்பிய ரயிலில், 12 சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட 650 பேரில் அவரும் ஒருவர். போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் இறங்கியவுடன் 96 ஆண்களையும் 29 பெண்களையும் வேலைக்கெனப் பிரித்தார்கள். மற்றவர்களில் ஒருவர்கூட இரண்டு நாள் கழித்து உயிரோடு இல்லை என்று லெவி எழுதியிருக்கிறார். ‘இத்தாலியிலிருந்து நாடுகடத்தப்பட்டார்’ என்று இதை எழுதினால், வேறெங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று விரட்டியதுபோல ஆகிவிடும்.

லெவி அப்புறம் ஆஷ்விட்ஸைச் சேர்ந்த மோனோவிட்ஸ் முகாமில், ஜெர்மானிய ரசாயன நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பனின் செயற்கை ரப்பர் ஆலை வளாகத்தில் உழைத்தார். ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு 3 அல்லது 4 மார்க் என்று நிறுவனம் முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குக் கட்டியது; கைதிக்கு ஒன்றுமில்லை. இதைச் சிலர் கொத்தடிமை வேலை என்று எழுதுகிறார்கள். கொத்தடிமைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கடன் இருக்கும், இங்கே கடனும் கிடையாது. கட்டாய உழைப்பு போதும்.

சரி, டிபோர்ட்டேஷனுக்கு என்ன சொல்? ‘நாடுகடத்தல்’ என்பதில் இடறுவது நாடுதான், கடத்தலில் பிழையில்லை. கடத்து என்றால் கடக்கச் செய், இன்றைய வழக்கில் ஆளைத் தூக்கிக்கொண்டு போ. கடத்தல் என்பது கும்பல் செய்யும் வேலை, அரசு செய்ததை அப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லலாம் என்பதே என் கருத்து. ‘முகாமுக்குக் கடத்தினார்கள்’ என்று எழுதினால் வாசகர் தடுமாற மாட்டார்.

பிரெஞ்சில் ‘தெபோர்த்தே’ என்று ஆளையே குறிக்கும் சொல் உண்டு. போர்க்காலத்தில் ஜெர்மானிய ஆலைகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்ட பிரெஞ்சுத் தொழிலாளர்களும் அந்தப் பெயரைக் கோரினார்கள். முகாம்களிலிருந்து மீண்டவர்களின் சங்கங்கள் எதிர்த்து நீதிமன்றம்வரை போயின. தமிழில் முன்னவரை ‘கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டவர்’ என்றும் பின்னவரை ‘முகாமுக்குக் கடத்தப்பட்டவர்’ என்றும் பிரித்தே எழுதலாம்.