வெல்டிங் வண்டி செய்யப் போகிறீர்களா? சிலிண்டரில் இருந்து தொடங்குங்கள்

திருகோணமலைப் பக்கத்து வெல்டிங் கடைகளில் வண்டியைக் காசு கொடுத்து வாங்கியவர்களைக் காண்பது அரிது. கேற் செய்து மிஞ்சிய பொக்ஸ் பார், ஓடாத ஓட்டோவின் இரண்டு சில்லு, பழைய அலுமாரித் தகடு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் கிடைத்தால் போதும். பிளான்ட் என்கிற வெல்டிங் மெஷின், கேபிள், றொட் பெட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு வண்டி நிற்கும். தொழில் தெரிந்தவருக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. ஒட்டு வரிசையாக விழுந்திருக்கிறதா, பெயின்ற் எப்படி என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்ப்பார்கள்.

வெல்டிங் சொல்லிக்கொடுப்பதும், கடைகளுக்குப் போய்ப் பாதுகாப்புப் பார்ப்பதும் என் வேலை. வண்டியைக் கண்டால் நான் முதலில் ஒட்டைப் பார்ப்பதில்லை. கைபிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் பார்ப்பேன். பல வண்டிகள் அந்த இடத்திலேயே தங்கள் கதையைச் சொல்லிவிடும்.

காரணம் லேசானது. வண்டியை மெஷினுக்காகச் செய்கிறோம், சிலிண்டர் பிறகு வந்து ஏறிக்கொள்கிறது. இப்போதைய 200 அம்பியர் இன்வேட்டர் பிளான்ட் பலவும் 10 கிலோவுக்குள்தான். அதை ஒரு ஸ்டூலில் வைத்தும் வேலை செய்யலாம். நிரம்பிய பெரிய ஒக்சிஜன் சிலிண்டரோ 60 கிலோவைச் சுற்றி வரும், ஒரு மனிதனின் நெஞ்சுக்கு மேலே நிற்கும். வண்டி என்று ஒன்று தேவைப்படுவதே அதற்காகத்தான். ஆகவே அளவு நாடாவை முதலில் சிலிண்டரில் வையுங்கள். மெஷினுக்குத் தட்டு எங்கே என்பதைக் கடைசியில் யோசிக்கலாம்.

அகலத்தைப் பார்ப்போம். சிலிண்டரின் பாரமையம் நிலத்தில் இருந்து கிட்டத்தட்ட 80 சென்ரிமீற்றரில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு சில்லுக்கும் இடையே 30 சென்ரிமீற்றர்தான் என்றால், 11 பாகை சாய்ந்ததும் வண்டி கவிழும். ஒரு பக்கச் சில்லு ஐந்தரை, ஆறு சென்ரிமீற்றர்க் கல்லில் ஏறினாலே அந்தச் சாய்வு வந்துவிடும். அகலத்தை 60 ஆக்கிப் பாருங்கள்: ஒரு பக்கம் 20 சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் நிற்கும். அகலம் இரண்டு மடங்கு, தாங்கும் உயரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டு அடி பொக்ஸ் பார் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். "கதவால போகாது சேர்" என்பார்கள். அப்படியென்றால் சிலிண்டர் நிற்கும் தட்டை நிலத்தோடு ஒட்ட இறக்குங்கள். 5 சென்ரிமீற்றருக்கு மேல் தூக்க வேண்டிய தேவை இல்லை. பெரிய சில்லு போட்டால் தட்டு உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் தட்டை அச்சுக்கு மேலே வைக்கிறார்கள். அச்சுக்கு முன்னால், அதற்குக் கீழே தொங்குகிற மாதிரி வைத்தால் சில்லு எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லை.

சில்லு பெரிதாகத்தான் இருக்க வேண்டும். சிமெந்து போட்ட பட்டறைக்குள் ஓடுகிற சின்னக் காஸ்டர் சில்லு, கொட்பே துறைமுகப் பக்கம் படகு வேலைக்குப் போனால் முதல் பிளவிலேயே இறுகி நிற்கும். மேலே இருப்பது நிற்காது. உப்புவெளி, நிலாவெளி மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்னுக்கு 20 சென்ரிமீற்றருக்குக் குறையாத கெட்டி ரப்பர்ச் சில்லு இரண்டு, முன்னுக்குத் திரும்பும் காஸ்டர் இரண்டு, அவற்றில் பிரேக். காஸ்டர் வாங்கும்போது மொத்தப் பாரத்தை நான்கால் பிரிக்காதீர்கள், மூன்றால் பிரியுங்கள். மேடு பள்ளமான தரையில் எப்போதும் ஒரு சில்லு அந்தரத்தில்தான் இருக்கும். மொத்தம் 150 கிலோ என்றால் ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்க வேண்டும். காற்றடித்த ரயர் எனக்குப் பிடிக்காது. கிரைண்டர் பொறியும் வெட்டிய இரும்புச் சிதறலும் கிடக்கிற இடத்தில் அது எந்த நாளும் இறங்கும்.

ஓட்டோச் சில்லுக்கு வருவோம். மலிவாகக் கிடைக்கிறது, உயரமும் நல்லது. ஆனால் ரயரைக் கழற்றாமல் றிம்மில் அச்சை ஒட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும். றிம் சூடேறும்போது உள்ளே ரப்பர் கருகி எரியக்கூடிய ஆவி சேரும். காற்றை இறக்கிவிட்டேன் என்பது பாதுகாப்பு அல்ல. ரயர் றிம்மில் பொருந்தியிருக்கும்வரை அது மூடிய பாத்திரம்தான். வெடித்தால் ரயரும் இரும்பும் முகத்துக்கு வரும். கழற்றி, றிம்மை மட்டும் ஒட்டி, ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள். இன்னும் நல்லது, ஒட்டவே வேண்டாம்: அச்சில் துளை போட்டு வாஷரும் பின்னும் மாட்டினால் பிறகு சில்லு மாற்றவும் சுகம்.

பழைய சாமானில் ஒட்டியிருக்கும் கிரீஸை பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்கிற பழக்கமும் இருக்கிறது. குளோரின் கலந்த கிளீனர் ஈரமாக இருக்கும்போது ஆர்க் (ஒட்டும் மின்பொறி) அடித்தால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அந்த நேரம் கொஞ்சம் இருமலோடு போய்விடும். சில மணித்தியாலம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இங்கே நாகம் (சிங்க்) பூசிய கல்வனைஸ் பைப்தான் எல்லாருக்கும் முதல் தெரிவு. வண்டிக்கு அது தேவையில்லை. கறுப்பு எங்கிள் அயனில் செய்து நல்ல பிரைமர் அடித்தால் பல வருடம் தாங்கும். கையில் கல்வனைஸ்தான் இருக்கிறது என்றால், ஒட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு, மூன்று சென்ரிமீற்றருக்குப் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு ஒட்டுங்கள். அரைக்கும்போதும் மாஸ்க் வேண்டும். நாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகிறது. ஆர்க்கின் வெப்பம் அதைவிடப் பல மடங்கு. அந்த வெள்ளைப் புகையை இழுத்தவருக்கு இரவு குளிர்காய்ச்சல், உடம்பு உளைச்சல், வாயில் உலோக ருசி வரும். ஓரிரு நாளில் போய்விடுவதால் வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் போட்டுக்கொண்டு அடுத்த வாரமும் அதையே ஒட்டுவார். "பால் குடிச்சால் சரி சேர்" என்று என்னிடம் சொல்லாத பையன்கள் குறைவு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே நின்று, காற்று பக்கவாட்டில் வரும்படி ஒட்டினால் புகை தானாக விலகும். றொட் வேலைக்கு அது தோது. வயரும் வாயுவும் சேர்ந்து வரும் மிக் வேலையில் அதே காற்று காப்பு வாயுவை அள்ளிக்கொண்டு போய் ஒட்டில் துளை துளையாக விழுத்தும். அதற்குத் தகடு மறைப்பு வேண்டும்.

இனி சங்கிலி. சிலிண்டரைக் கயிற்றாலும் ரியூப் ரப்பராலும் கட்டியிருப்பதைத்தான் அதிகம் காண்கிறேன். ஒரு பொறி பட்டால் நைலோன் கயிறு உருகும், ரப்பர் வெயிலில் வெடிக்கும். இரும்புச் சங்கிலி இரண்டு போடுங்கள். ஒன்று சிலிண்டரின் கீழ்ப்பாதியில், மற்றது மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில். சிலிண்டர் முதுகு சாயும் இடத்தில் வட்டத்துக்கு ஏற்ப வளைத்த பட்டி வையுங்கள், சமதளத் தகட்டில் அது உருளும். நிரம்பிய ஒக்சிஜன் சிலிண்டருக்குள் 150 பார் அளவு அமுக்கம் இருக்கிறது, கார் ரயரில் இருப்பதைப்போல 60 மடங்குக்கும் மேல். விழுந்து வால்வு முறிந்தால் சிலிண்டர் நின்ற இடத்தில் நிற்காது, சுவரையும் துளைக்கும். தூர வேலைக்குக் கொண்டுபோகும்போது அமுக்கம் குறைக்கும் ரெகுலேற்றரைக் கழற்றி வால்வு மூடியைப் போடச் சொல்வது இதற்காகத்தான். மூடியைப் பல கடைகளில் ஆணி போட்டு வைக்கும் கிண்ணமாகத்தான் கண்டிருக்கிறேன்.

ஒக்சிஜனோடு சேர்த்து எரித்து இரும்பு வெட்டும் அசற்றிலீன் வாயுவை ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது வெறும் வாயு அல்ல. நுண்துளைப் பொருள் நிரப்பி, அதில் அசற்றோன் என்ற திரவத்தை ஊறவைத்து, அந்த அசற்றோனில் வாயுவைக் கரைத்திருக்கிறார்கள். கிண்ணியாவில் இருந்தோ மூதூரில் இருந்தோ ஓட்டோவின் பின்சீற்றில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, இறக்கிய கையோடு திறந்தால் அசற்றோன் வெளியே வரும். சில மணித்தியாலம் நிமிர்த்தி வைத்த பிறகே திறக்க வேண்டும். வண்டியிலும் அது நிமிர்ந்தே நிற்க வேண்டும். பின்னுக்குச் சற்றுச் சாய்த்து உருட்டுவது பரவாயில்லை. வேலை செய்யும் அமுக்கம் 15 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒக்சிஜன் இல்லாமலேயே தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடும். ஹோஸ் வெடித்த இடத்தில் செம்புக் குழாய்த் துண்டைச் செருகி வயர் சுற்றுவது இன்னொரு ஆபத்து. செம்போடு அசற்றிலீன் சேர்ந்து உண்டாகும் பொருள் லேசாகத் தட்டினாலே வெடிக்கும். ரெகுலேற்றர்ப் பக்கம் ஒன்று, டோர்ச் பக்கம் ஒன்று என்று இரண்டு ஹோஸிலும் தீ திரும்பாமல் தடுக்கும் அரெஸ்டர் போடுங்கள். வண்டியில் நீங்கள் செலவழிக்கும் காசில் மிகப் பிரயோசனமானது அதுதான்.

படகு எஞ்சின் பார்க்கிற பட்டறைகளில் எனக்குள்ள பெரிய கவலை எண்ணெய். டீசல் கையோடு ஒக்சிஜன் வால்வைத் திருப்புகிறார்கள். இறுகியிருந்தால் ஒரு சொட்டு ஒயிலும் விடுகிறார்கள். உயர் அமுக்க ஒக்சிஜன் பட்டால் எண்ணெய் பற்றிக்கொள்ள நெருப்பு வேண்டியதில்லை. ஆகவே வண்டியில் கிரீஸ் டின், ஒயில் துணி, தின்னர் போத்தலுக்கு ஒரு தட்டும் வைக்காதீர்கள். தட்டு இருந்தால் அது நிரம்பும். பதிலாக, கை துடைக்கச் சுத்தமான துணிக்கு ஒரு கொக்கி வையுங்கள். வைகாசி, ஆனி வெக்கையில் ஒக்சிஜனைத் திறந்து சட்டைக்குள் அடித்து உடம்பைக் குளிரவைக்கிற தம்பிமாரும் இருக்கிறார்கள். ஒக்சிஜன் ஊறிய துணி ஒரு பொறிக்குக் குப்பென்று பிடிக்கும், கழற்ற அவகாசம் தராது.

வெயில் என்றதும் மிக் பிளான்ட்டின் சீ.ஓ.டூ (காபனீரொட்சைட்டு) சிலிண்டர் ஞாபகம் வருகிறது. ஒக்சிஜன் 30 பாகையில் இருந்து 60 பாகைக்குச் சூடேறினால் அமுக்கம் 10 வீதம்தான் கூடும். சீ.ஓ.டூ அப்படியல்ல. உள்ளே திரவமாக இருப்பது, 31 பாகை தாண்டியதும் திரவம் வாயு என்ற பேதம் இல்லாமல் போய், நிரம்பிய சிலிண்டரில் அமுக்கம் கடகடவென்று ஏறும். நம் ஊரில் 31 பாகை என்பது காலை பத்து மணி. வண்டிக்கு மேலே ஒரு தகட்டுக் கூரை போடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். ஆர்க் பிளான்ட்டையும் சிலிண்டரையும் ஒரே இரும்புச் சட்டத்தில் ஏற்றும்போது, சிலிண்டர் வெல்டிங் கரண்ட் ஓடும் பாதைக்குள் வரக்கூடாது. கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பை வண்டியில் கடித்துவைத்து, றொட் மாட்டிய ஹோல்டரைச் சிலிண்டர் கழுத்தில் தொங்கவிட்டால் என்ன நடக்கும்? சிலிண்டரில் ஆர்க் அடிக்கும். அந்தச் சின்னப் புள்ளியில் உருக்கு இறுகி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். பெயின்ற் பூசி மறைத்தாலும் 150 பார் அதைக் கண்டுபிடிக்கும். அப்படி அடிபட்ட சிலிண்டரை அடையாளமிட்டு, விற்றவரிடமே சொல்லித் திருப்பிக் கொடுங்கள். ஹோல்டருக்குக் கொக்கி பீவீசீ பைப்பிலோ பலகையிலோ இருக்கட்டும், சிலிண்டருக்கு எதிர்ப்பக்கத்தில். சிலிண்டர் நிற்கும் தட்டில் கெட்டி ரப்பர்த் துண்டு விரியுங்கள். மாரியில் ஈரத்தரையில் வெறும் செருப்போடு நின்று றொட் மாற்றுவதும் இதே கணக்குத்தான்: றொட்டில் கரண்ட் ஓடாத நேரத்திலும் பிளான்ட்டின் நுனியில் 60, 80 வோல்ட் காத்திருக்கும்.

மெஷினுக்கு மேல்தட்டு. முன்பக்கம் சற்றுச் சாய்த்தால் இலக்கம் பார்க்கச் சுகம், பின்னுக்கு ஃபேன் இழுக்க ஒரு சாண் இடம் விடுங்கள். அவ்வளவுதான்.

வண்டி முடிந்ததும் எங்கே நிறுத்துவீர்கள் என்பதைச் செய்வதற்கு முன்பே யோசியுங்கள். வால்வுகள் சுவர்ப்பக்கம் திரும்பி, முன்னுக்கு மேசையும் இரும்புக் குவியலும் இருந்தால், நெருப்பு வரும்போது கை எட்டாது. வால்வுக்குச் சாவி தேவைப்படும் சிலிண்டர் என்றால் சாவி வால்விலேயே இருக்க வேண்டும், முதலாளியின் மேசை லாச்சியில் அல்ல. பவுடர் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றைக் கைபிடிப் பக்கம் மாட்டுங்கள். எரிவது வண்டியாகவே இருந்தால் அதை எடுக்க முடியாது, ஆகவே கதவடியில் இன்னொன்று. அசற்றிலீன் சிலிண்டர் சூடேறியது தெரிந்தால், அதை உருட்டிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். ஆட்களை விலக்கி, தீயணைப்புப் பிரிவை அழைத்துவிட்டு, தூரத்தில் மறைவில் நின்று தண்ணீர் அடியுங்கள். வெளித்தோல் ஆறிய பிறகும் உள்ளே சிதைவு நடந்துகொண்டிருக்கலாம் என்பதால், அவர்கள் வந்து சொல்லும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாது. காயப்பட்டவர் இருந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்; அந்த இலக்கத்தை வண்டியின் கைபிடியில் பெயின்றால் எழுதிவைத்தாலும் நல்லதே.