மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோருக்கு மறுவாழ்வு: யாருடைய அனுமதி வேண்டும், தோட்டத்து மக்கள் எப்போது கேட்க வேண்டும்

இலங்கை மலையகத்தில் பல தோட்டங்களில் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, மூடிக் கிடக்கிறது. தகரம் கழன்று, கண்ணாடி உடைந்து, கொழுந்தை வாட்டும் மாடிக்குள் மழை இறங்குகிறது. அந்தத் தோட்டத்துக் கொழுந்து லொறியேறி வேறொரு ஸ்டோருக்குப் போகத் தொடங்கிப் பல வருடமாகியிருக்கும். திடீரென்று ஒருநாள் யாரோ வந்து அளந்துவிட்டுப் போவார்கள். ஹோட்டலாம், மியூசியமாம், கடைத்தொகுதியாம் என்று லயத்தில், தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளில், பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளில் இருந்தே கேட்கத் தொடங்கலாம். குத்தகையில் கையெழுத்து விழுந்த பிறகு கேட்டால் பதில் கிடைக்கலாம், மாற்றம் கிடைப்பது கடினம்.

மூடிய தேயிலைத் தொழிற்சாலைகளுக்கென்று எழுதிய தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. காணி ஒரு சட்டத்தில், கட்டிடம் இன்னொன்றில், பழமை வேறொன்றில், மண்சரிவு ஒரு சுற்றறிக்கையில் என்று சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கை மட்டுமே பார்க்கும். சுற்றியுள்ள லயங்களில் இருப்பவர்களின் நிலை என்ன என்று முழுதாகப் பார்க்கும் பொறுப்பு எந்த மேசைக்கும் இல்லாததால், அந்தக் கேள்வியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

முதலில் காணி யாருடையது

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாள் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் வந்த திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. பின்னர் அது 53 வருடக் குத்தகையானது. 1992இல் இருந்து கணக்கிடுவதால் அந்தக் குத்தகைகள் 2045இல் முடியும்.

ஆகவே கம்பனித் தோட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அரச காணி. கம்பனி குத்தகைக்காரர்தான். காணியின் உரித்து மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமோ (ஜனவசம) இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமோ இருக்கும். கம்பனி தன் விருப்பத்துக்கு ஸ்டோரை மூன்றாமவருக்கு உள்குத்தகை விட முடியாது, குத்தகை கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும். இதற்கு மேல், திறைசேரிச் செயலாளரின் பெயரில் அரசுக்கு ஒரு தங்கப் பங்கும், அதாவது சிறப்பு அதிகாரம் உள்ள ஒரு பங்கும், இருக்கிறது. சில தோட்டங்களை ஜனவசமவும் கூட்டுத்தாபனமும் இன்றும் நேரடியாக நடத்துகின்றன. அங்கே கேட்க வேண்டிய இடம் ஒன்றே. 50 ஏக்கருக்குள் அடங்கிய தனியார் தோட்டமாக இருந்தால், காணி உறுதி யார் பெயரில் என்பதே முதற் கேள்வி.

2045 என்ற வருடம் இன்னொரு விதத்திலும் முக்கியம். குத்தகையில் மிஞ்சியிருப்பது இருபது வருடம் அளவில் என்றால், முதல் போடுகிறவர் போட்டதை அதற்குள் எடுக்கப் பார்ப்பார். பழைய மரத்தளத்தை நிதானமாகச் சீர்செய்வதைவிட இடித்து கொங்கிரீட் போடுவது அவருக்கு இலகுவாகத் தெரியும். ஸ்டோர் பழைய முகத்தோடு நிற்க வேண்டும் என்று விரும்பினால், அந்த நிபந்தனை உள்குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். வாய்வாக்கு இங்கே போதாது.

பழைய கட்டிடம் என்பதால் மட்டும் பாதுகாப்பு வராது

இதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2ஐ எல்லைக்கோடாக வைக்கிறது. அதற்கு முந்தியவைதான் தாமாகவே சட்டத்துக்குள் வருகின்றன. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கியது 1867இல். ஆகவே எந்தத் தேயிலை ஸ்டோரும் அந்தக் கோட்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

வேறொரு வாசல் இருக்கிறது. நூறு வருடம் கடந்த கட்டிடத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம். அறிவித்தபின், தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைத் திருத்தவோ மாற்றவோ எதையும் சேர்க்கவோ முடியாது. பாதுகாப்பு கிடைக்கிறது, ஆனால் சின்னத் திருத்தத்துக்கும் அனுமதி தேடி அலைய வேண்டிவரும். தகரம் மாற்றக்கூடப் பணமில்லாத நிலையில் ஒரு கட்டிடத்தை அறிவித்துவிட்டுக் கைவிட்டால், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டபடியே இடிந்து விழும். அதனால் அறிவிப்பைக் கோரும்போதே, அதற்குள் என்ன நடக்கப்போகிறது, கூரையை யார் பார்ப்பது என்ற திட்டமும் கூட இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அறிவிப்பு இல்லாத இடத்திலும் ஒரு தடுப்பு உண்டு. 2000ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிப்படி, 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் அபிவிருத்தி வேலை செய்வதென்றால் தொல்பொருளியல் மதிப்பீடு வேண்டும். அது அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். வாகனத் தரிப்பிடமும் தோட்டமும் சேர்த்தால் பெரும்பாலான திட்டங்கள் அந்த அளவைத் தாண்டிவிடும்.

இயந்திரங்களின் கதை இதைவிட மோசம். பெல்பாஸ்டில் செய்த, தேயிலையை உலர்த்தும் சிரோக்கோ அடுப்பு, கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பனி வார்த்த, கொழுந்தை உருட்டும் ஜக்சன் ரோலர், வாக்கர்ஸ் கம்பனியின் பெயர்த்தகடு என்று ஒரு ஸ்டோருக்குள் இருக்கும் இரும்பு ஒரு நூற்றாண்டின் வரலாறு. எங்கள் பாட்டன்மார் அதற்குப் பக்கத்தில் நின்று இரவுபகலாக வேலை செய்தார்கள். 1815 கோட்டுக்குப் பிந்தியவை என்பதால் இவை தொல்பொருள் என்ற கணக்கில் வருவதில்லை. கட்டிடத்துக்குப் பேச்சுவார்த்தை நடக்கும்போதே உள்ளே உள்ளவை பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். எந்தத் திட்டம் வந்தாலும் முதல் வேலை, இயந்திரங்களைப் படமெடுத்துப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலைக் குத்தகையோடு இணைப்பதாக இருக்க வேண்டும்.

மண், வடிகால், மாடி

ஸ்டோர்கள் பெரும்பாலும் மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் நிற்கின்றன. லயம் அதற்குப் பணியப் பக்கம் இருந்தால், மேலே நடக்கும் ஒவ்வொரு வேலையும் கீழே உள்ளவர்களின் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமானத்துக்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் இதற்குள் அடங்கும். அந்த அறிக்கையில் கட்டிடம் நிற்கும் இடம் மட்டும் பார்க்கப்படுகிறதா, மழைநீரும் மலசலகூட நீரும் எந்தப் பக்கம் திருப்பப்படுகின்றன என்பதும் பார்க்கப்படுகிறதா என்று கேளுங்கள். பத்துக் குளியலறை புதிதாக வந்தால் அந்தத் தண்ணீர் எங்கோ இறங்கித்தான் ஆக வேண்டும்.

கட்டிடத்தின் உடல்நிலையும் அப்படியே. மேல்மாடிகள் கொழுந்தை மெல்லியதாகப் பரப்பிக் காற்றில் வாட்டக் கட்டியவை. பாரம் குறைவு, ஜன்னல் நிறைய, தளம் பெரும்பாலும் மரம். நூறு பேர் கூடும் மண்டபத்தை அப்படியே அங்கே ஏற்ற முடியாது. பொறியியலாளர் ஒருவர் தூண்களையும் உத்திரங்களையும் சோதிக்க வேண்டும், அவசரத்துக்கு இறங்க இன்னொரு படிக்கட்டு வேண்டும். கீழ்த்தளம் வேறு மாதிரி: ரோலர்களின் பாரத்தைத் தாங்கியது. கனமான எதுவும் அங்கேதான் இருக்க வேண்டும்.

கட்டிட அனுமதி எங்கே

நகர அபிவிருத்தி அதிகாரசபை அறிவித்த எல்லைக்குள் ஸ்டோர் இருந்தால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதி எடுக்க வேண்டும். தொழிற்சாலையைத் தங்குமிடமாகவோ கடையாகவோ மாற்றுவது பாவனை மாற்றம். சுவரைத் தொடாவிட்டாலும் அனுமதி தேவை. வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே பிரதேச சபைதான் திட்டத்தை அங்கீகரிக்கும்.

நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய பிரதேச சபைகள் வந்துவிட்டதால் அலுவலகம் முன்னைவிடக் கிட்ட வந்திருக்கிறது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின் பின் தோட்டப்புறத்துக்கும் சபையின் பணத்தைச் செலவிட வழி பிறந்தது. ஸ்டோருக்குப் போகும் பாதையை, பொதுக் கழிப்பறையை, ஒரு வாசிகசாலைப் பகுதியைச் சபையோடு சேர்ந்து செய்யக் கேட்கலாம் என்றால் அது இந்தத் திருத்தத்தால்தான்.

தேயிலை தொடர்ந்து சிறிய அளவில் அரைப்பதென்றால் இலங்கைத் தேயிலைச் சபையில் தொழிற்சாலைப் பதிவு வேண்டும். தங்குமிடம் வந்தால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு. சுற்றாடல் விதியில் கவனிக்க வேண்டியது இது: பொதுவாக 99 அறைக்கு மேற்பட்ட அல்லது 40 ஹெக்டேயரைத் தாண்டிய ஹோட்டல்தான் சுற்றாடல் அனுமதி தேவைப்படும் விதிக்கப்பட்ட திட்டம் என்ற பட்டியலில் வருகிறது; பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், அறிவிக்கப்பட்ட மண்ணரிப்புப் பகுதி போன்ற சில இடங்களில் மட்டும் அளவு பார்க்கப்படாது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். ஒரு ஸ்டோருக்குள் 99 அறை கட்டுவது அரிது. ஆகவே அப்படிப்பட்ட இடமாக இல்லாவிட்டால், மக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும் அந்த வாசல் பெரும்பாலும் திறக்காது.

ஏற்கெனவே நடந்தவை

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1990களில் ஹோட்டலானது. வெளித்தோற்றத்தையும் இரும்புச் சட்டகத்தையும் விட்டுவைத்து உள்ளே அறைகள் கட்டினார்கள். சுற்றிவரத் தேயிலை இன்னும் இருக்கிறது. கட்டிடத்தைக் காப்பாற்றிய வேலை என்ற அளவில் அது நல்ல முன்மாதிரி.

கண்டி ஹந்தானையில் நடந்தது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 1925இல் கட்டிக் கைவிடப்பட்ட ஸ்டோரைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறந்தன. கீழே பழைய இயந்திரங்கள், மேலே காட்சிக்கூடமும் நூலகமும், அதற்கு மேல் தேயிலைக் கடைகள், உச்சியில் சிற்றுண்டிச்சாலை. ஒரே கூரைக்குள் பல பாவனை என்பது இங்கே கால்நூற்றாண்டாக இருக்கும் விஷயம்தான்.

கம்பளைக்குப் பக்கத்தில் தொழிலாளர்களின் வாழ்க்கைக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அது இருப்பது ஒரு பழைய லயத்தில். தொழிலாளரின் கதை லயத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஸ்டோருக்குள்ளும் அதற்கு இடம் வேண்டும். ரோலர் அறையில் கையை இழந்தவர்கள், இரவு ஷிப்டில் சலித்துப் பிரித்த பெண்கள், அடுப்புக்கு விறகு சுமந்தவர்கள் எல்லாரும் அந்தக் கட்டிடத்தின் வரலாற்றுக்குள் இருப்பவர்கள். துரைமாரின் படங்களை மட்டும் மாட்டி வைத்தால் அது அரைக் கதை.

என்ன கேட்கலாம்

உள்ளூர் ஆட்களுக்கு இத்தனை வேலை கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இதில் இல்லை. பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு. எனவே கேட்க வேண்டியதை நிபந்தனையாகக் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் தோட்டத்து இளைஞருக்கும் பெண்களுக்கும் குறைந்த வாடகையில் கடை, ஒரு பயிற்சி அறை, பயிற்சி பெற்றவருக்கு வேலையில் முன்னுரிமை.

இவற்றைவிட நான் முக்கியமாக நினைப்பது நில அளவைப் படம். குத்தகைக்குப் போகும் துண்டின் எல்லைக்கோட்டுக்குள் எது அகப்படுகிறது என்று கையில் படத்தை வைத்துப் பாருங்கள். கோயில், பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்), மைதானம், பாடசாலைக்குப் போகும் குறுக்குப்பாதை, லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியும் தாங்கியும் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வந்தால், வழியுரிமையும் தண்ணீருரிமையும் பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பல ஸ்டோர்களும் லயங்களும் ஒரே ஊற்றில் குடிக்கின்றன. வேலி விழுந்தபின் அந்தக் குழாயைப் பற்றிப் பேசுவது மிகவும் கடினம்.

இந்தப் படத்தைப் பெறும் வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஜனவசம, கூட்டுத்தாபனம், பிரதேச சபை, நகர அபிவிருத்தி அதிகாரசபை எல்லாம் இதற்குள் வரும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமையும் இருக்கிறது. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கம்பனியிடம் கேட்பதைவிட, காணிக்கு உரித்துள்ள அரச நிறுவனத்திடம் கேட்பது பலன் தரும். பொதுவாக "ஸ்டோர் பற்றிய விபரம் தேவை" என்று எழுதினால் பொதுவான பதிலே வரும். கடிதத்தில் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதி, இப்படிக் கேளுங்கள்: இத்தோட்டத்துத் தொழிற்சாலையை உள்குத்தகைக்கு விட விண்ணப்பம் வந்துள்ளதா? வந்திருந்தால் விண்ணப்பத்தின் பிரதி, குத்தகைக்கு உத்தேசித்த காணியின் நில அளவைப் படத்தின் பிரதி, ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்தால் அதன் நிபந்தனைகளின் பிரதி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அறிக்கையின் பிரதி, தொழிற்சாலைக்குள் உள்ள இயந்திரங்களின் இருப்புப் பட்டியலின் பிரதி ஆகியவற்றைத் தரவும்.