நூடுல்ஸுக்குக் காரணம் சோம்பல் என்பவர்களுக்கு

ஒன்பது வயதுப் பையனை எடை பார்க்க நிறுத்தியதுமே, உடன் வந்த பாட்டி, "எல்லாம் இவ சோம்பேறித்தனம் டாக்டர், எப்பப் பாரு நூடுல்ஸ்தான்" என்று மருமகளைக் காட்டினார். (நான் டாக்டரல்ல, உணவியலாளர் என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) தண்டையார்பேட்டையில் ஆலோசனை வழங்கும் எனக்கு இந்தக் குற்றச்சாட்டு அலுத்துவிட்டது.

அந்த மருமகள், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்க விடியுமுன் கிளம்பி, விற்று முடித்துப் பிற்பகலில் திரும்புகிறவர். கணவருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. ஒற்றை அறையில் ஒரே அடுப்பு. உலை வைக்கும் நேரத்தில்தான் தண்ணீர் லாரியும் வரும். இந்த நெருக்கடியில் சட்டென வேகும் ஒன்றை எடுப்பவரைச் சோம்பேறி என்பவர்கள், ஒரு வாரம் அந்த அடுப்படியில் நின்று பார்க்கட்டும்.

மனக்கட்டுப்பாடு இல்லை என்பது அடுத்த பழி. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பெரியவர்களைத் தங்கவைத்து, வேண்டிய அளவு உண்ணவிட்டபோது, ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்களே தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். டியூஷன் விட்டுக் கூட்டாளிகளோடு பெட்டிக்கடையில் நிற்கும் சிறுவனிடம் எந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறீர்கள்?

இதைவிட எரிச்சலூட்டுவது கௌரவம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சூடான உப்புமாவும் பொங்கலும் கிடைக்க, அங்கே உண்பது இழுக்கு என்று வீட்டில் கிரீம் பிஸ்கட் கொடுத்தனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தினர் வந்தால் கோலா பாட்டில் வாங்காவிட்டால் கஞ்சத்தனமாம்!

பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள்: 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு. பெரியவருக்கே உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. நூடுல்ஸைத் தவிர்க்க முடியாத நாளில் மசாலாத் தூளில் பாதியைக் கொட்டிவிட்டு, ஒரு முட்டையும் கொஞ்சம் கேரட்டும் சேருங்கள். கடையில் விற்கும் இட்லி மாவு பாவமன்று, தயங்காமல் வாங்குங்கள். அம்மா உணவகத்தில் இட்லி வாங்கிக் கொடுப்பதால் எந்தக் குடும்பத்தின் மானமும் போய்விடாது. சிப்ஸ் சரத்தை வீட்டில் வாங்கித் தொங்கவிடாதீர்கள். கண்ணில் பட்டால் கை போகத்தான் செய்யும். தயவுசெய்து, பகலில் வீட்டிலிருக்கும் ஆண்கள் பருப்பு வேகவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குக்கருக்கு ஆண், பெண் தெரியாது.