மரப்பு போகவில்லை என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

“டாக்டர், ஊசி ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு. கால் மரப்பு அப்படியேதானே இருக்கு? அப்புறம் எதுக்கு ஊசி?” கோலாலம்பூரில் நான் பார்க்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயாளிகள் அடிக்கடி கேட்பது இது. சிலர் கேட்காமலே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் கவலை.

மூளையின் நரம்பிழைகளை மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது. உறை சரியாக இருந்தால்தான் செய்தி வேகமாகப் போகும். இந்த நோயில் நம் எதிர்ப்பு அணுக்களே உறையைத் தாக்குகின்றன. அமெரிக்காவில் 1993-ல் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் ஊசி முதல் 2010-ல் வந்த ஃபிங்கோலிமோட் மாத்திரை, 2017-ல் வந்த ஒக்ரெலிசுமாப் வரை, எல்லாமே அந்தத் தாக்குதலை அடக்குபவை. தீயணைப்பு வண்டி வந்து தீயை அணைக்கும். எரிந்த வீட்டைக் கட்டித் தராது. ஸ்டீராய்டு டிரிப்பும் வீக்கத்தைச் சீக்கிரம் வடிய வைக்கும், அவ்வளவுதான்.

அதனால் மருந்து வேலை செய்கிறதா என்பதை மரப்பை வைத்து அளக்க முடியாது. புதிய தாக்குதல் இல்லை, எம்.ஆர்.ஐ.யில் புதிய வடு இல்லை என்றால் வேலை செய்கிறது. ஃபிங்கோலிமோடைத் திடீரென்று விட்டால் சிலருக்குச் சில மாதங்களில் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரும்.

சரி, போன உறை போனதுதானா? இல்லை. மூளையிலேயே முன்னோடிச் செல்கள் இருக்கின்றன. அவை முதிர்ந்து புதிய உறையைச் சுற்றும். பழையதைவிட மெல்லியதுதான், ஆனாலும் செய்தி போகும். வயதாக ஆக இந்தத் திறன் குறைகிறது. தாக்குதலைச் சீக்கிரமே அடக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் செல்களைத் தூண்டும் மருந்தைத்தான் இப்போது தேடுகிறார்கள். செந்தூலிலிருந்து வரும் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, “இந்த அலர்ஜி மாத்திரையை வாங்கிச் சாப்பிடவா?” என்றார். கிளெமாஸ்டின்! செய்தி முழுப் பொய்யில்லை. 2017-ல் வெளியான சான்பிரான்சிஸ்கோ ஆய்வில், 50 பேரிடம் இது கண் நரம்பின் செய்தியை ஒன்றிரண்டு மில்லிசெகண்டு வேகப்படுத்தியது. கூடவே சோர்வையும் கூட்டியது. பிறகு வேறோர் ஆய்வில் சிலருக்கு நோய் வேகமாக முற்றியதால் அந்த மருந்தையே நிறுத்தினார்கள். அக்காவிடம் வேண்டவே வேண்டாம் என்றேன்.

இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபார்மினின் கதை இன்னும் விசித்திரம். வயதான எலிகளில் அது இந்த முன்னோடிச் செல்களை உசுப்பியதாக கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினார்கள். அதே மாத்திரையைப் பல வருடம் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம். பி12 இல்லாமல் மயலின் நிலைக்காது. நம்மவர்களில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், பி12 குறைவாகவே கிடைக்கும் சைவம் சாப்பிடுபவர்களும் ஏராளம். இரண்டும் சேர்ந்தவருக்குக் கால் மரத்தால், “இனிப்பு நீர்தானே” என்று விடாமல் இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைவு என்று தெரிந்தால் பி12 ஊசி போடலாம். சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் நன்றாகவே தேறுகிறது.