இன்டர்காம்: தமிழில் உட்பேசி

“இன்டர்காம்ல 104 போடுங்க, அக்கவுண்ட்ஸ்ல எடுப்பாங்க.” நம் அலுவலகங்களில் இப்படிச் சொல்லாத நாள் இருக்காது. மேசை மேல் இருந்த பொத்தான் பெட்டி பல இடங்களில் போய்விட்டது. கணினியிலேயே எண்ணைத் தட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

‘இன்டர்கம்யூனிகேஷன்’ என்ற நீளமான ஆங்கிலச் சொல்லைக் குறுக்கியதுதான் இன்டர்காம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே விமானியும் மற்றவர்களும் பேசிக்கொள்ள இந்த ஏற்பாடு இருந்தது. அலுவலகத்திலும் அடுக்குமாடி வாசலிலும் இருக்கும் ஏற்பாட்டுக்கும் இதே பெயர்தான். லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே. ‘கம்யூனிகேஷன்’ என்பதன் வேரில் இருக்கும் ‘கம்யூனிஸ்’ என்ற சொல்லுக்குப் பொது என்று பொருள்.

அப்படியானால் ‘இடைத்தொடர்பு’ என்று சொல்லிவிடலாமா? எனக்கு ஒப்பவில்லை. இடையூறு, இடைத்தரகர் என்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது அந்தச் சொல். அதைவிட முக்கியம், இந்தக் கருவியின் சிறப்பு இரண்டு பேருக்கு இடையே இருப்பது அல்ல. எல்லாத் தொலைபேசியும் அப்படித்தான். கட்டடத்துக்கு வெளியே போகாமல் உள்ளேயே பேச்சு முடிவதுதான் இதன் சிறப்பு. ஆகவே ‘உள்’ என்று தொடங்குவதே சரி.

உள்ளோடு பேசியைச் சேர்த்தால் உட்பேசி. ளகர மெய்யின் பின் பகரம் வந்தால் ள் டகரமாகத் திரியும். உட்பொருள், உட்பிரிவு எல்லாம் அப்படி வந்தவை. திருக்குறளின் 89ஆம் அதிகாரத்தின் பெயர் உட்பகை. ‘உள்பேசி’ என்று எழுதினாலும் புரியும். ஆனால் உட்பேசி நாக்கில் தடுக்காமல் வருகிறது.

‘பேசி’ என்பது பேசு என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்து கருவியைக் குறிப்பது. மண்வெட்டி, பாக்குவெட்டி, இடிதாங்கி என்று நம் வீட்டுப் பொருள்களுக்கு முன்பே இருக்கும் வழக்கம் இது. தொலைபேசியும் கைபேசியும் இந்த வழியில் வந்தவைதான். அடுத்த அறையில் இருப்பவரை அழைக்கும் கருவிக்குத் ‘தொலை’ எதற்கு?

சரி, கணினிக்கு வருவோம். இங்கே மூன்று பொருள்களுக்கு மூன்று சொற்கள் வேண்டும். மொத்த ஏற்பாடும் உட்பேசி. ஒவ்வொரு கணினியிலும் நிறுவும் லின்ஃபோன் போன்ற மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் சாஃப்ட்ஃபோன் என்று பெயர். மென்பொருள் என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது ‘மென்பேசி’ தானாகவே அமைகிறது. ‘எக்ஸ்டென்ஷன்’ என்று சொல்லும் 101, 102 எல்லாம் உள் எண்கள். நீட்டிப்பு என்று மொழிபெயர்த்தால் விடுப்பு நீட்டிப்புதான் நினைவுக்கு வரும்.

இவற்றை இணைக்க ஒரு கணினியை வழங்கியாக, அதாவது சர்வராக, வைக்க வேண்டும். அதில் ஆஸ்டரிஸ்க் போன்ற ஒரு மென்பொருள் ஓடும். மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் ஆஸ்டரிஸ்க். அதன் பெயர், தொலைபேசிப் பொத்தானில் இருக்கும் நட்சத்திரக் குறியைத்தான் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் ‘சிறு விண்மீன்’ என்று பொருள். தமிழில் அந்தக் குறிக்கு உடுக்குறி என்று ஒரு சொல் இருக்கிறது. உடு என்றாலும் விண்மீன்தான்.

ஒவ்வொரு மென்பேசியிலும் உள் எண், கடவுச்சொல், வழங்கியின் முகவரி (192.168.1.10 என்பது போல) மூன்றையும் கொடுத்தால் அது வழங்கியிடம் பதிவு செய்துகொள்ளும். அவ்வளவுதான், மணி அடிக்கும். குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக்கினால் விநாடிக்கு 64,000 பிட். குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து செல்லும் பொட்டலங்களின் மேலுறைச் சுமையைச் சேர்த்தாலும் ஒரு திசைக்குப் பொதுவாக விநாடிக்கு 100 கிலோபிட்டைத் தாண்டாது. 100 மெகாபிட் கம்பிக்கு இது தூசு.

இப்படிக் கணினி வலையமைப்பில் பேசுவதற்கு ஆங்கிலத்தில் ‘வாய்ஸ் ஓவர் ஐபி’ என்று பெயர். அதை ‘இணையவழிக் குரல்’ என்று எழுதுவது தவறான எண்ணத்தைத் தருகிறது. ‘ஐபி’ (இன்டர்நெட் புரோட்டோகால்) என்ற நெறிமுறையின் பெயரில்தான் இணையம் இருக்கிறது. அலுவலக வலையமைப்புக்குள் பேச இணைய இணைப்பே தேவையில்லை.

ஒரு சிறிய அலுவலகத்தில் நான் இதை அமைத்தபோது மணி அடித்தது, எடுத்தார்கள், இரண்டு பக்கமும் ஒரே அமைதி. மைக்கை மாற்றினேன், ஹெட்போனை மாற்றினேன், பாதி நாள் போனது. மணி அடிக்கச் செய்யும் செய்தி வழங்கியின் 5060 என்ற வாயில் (போர்ட்) வழியாகப் போகிறது. குரலுக்கோ 10000 முதல் 20000 வரை வேறு வாயில்கள். குரலும் வழங்கி வழியாகவே போகும்படி வைத்துவிட்டு, வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் அதன் ஃபயர்வாலில் முதல் வாயிலை மட்டும் திறந்திருந்தேன். மற்றவற்றையும் உள் வலையமைப்புக்கு மட்டும் திறந்துவிட்டதும் “ஹலோ, கேக்குது சார்” என்று குரல் வந்தது.

அன்று மாலை எண்களை ஒரு தாளில் அச்சிட்டு, மேலே ‘உட்பேசி எண்கள்’ என்று தலைப்பிட்டுச் சுவரில் ஒட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. விரலால் வரிசையைத் தடவி, எண்ணைப் பார்த்து அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.