எண்டொஸ்கோப்பிக்கு முன் ஒரு பால்தேத்தண்ணி

"டொக்டர், முழுசா மயக்குவீங்களா?" கொழும்பில் எண்டொஸ்கோப்பிக்கு, அதாவது கமெராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு, வருபவர்கள் மயக்க மருந்து நிபுணரான என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் தேவைப்படாது. பெரிய சத்திரசிகிச்சையின்போது உங்கள் மூச்சையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். இங்கே கொடுப்பது அரைத்தூக்கம். நீங்களே மூச்சு விடுவீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதிலும் சொல்வீர்கள். மிடசோலம் என்ற அரைத்தூக்க மருந்து போட்டிருந்தால் பிறகு அது பெரும்பாலும் நினைவிருக்காது. எல்லாம் முடிந்து எழும்பி, "எப்ப தொடங்குவீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஆனால் ஒருவரை லேசாகக் கண்ணயர வைக்கும் அதே அளவு மருந்து இன்னொருவரின் மூச்சையே மந்தமாக்கிவிடலாம். விரலில் கிளிப் மாட்டி ஒட்சிசனைப் பார்த்துக்கொண்டே இருப்பது அதற்காகத்தான். நகப்பூச்சு அந்த அளவீட்டைக் குழப்பலாம், அதை அழித்துவிட்டு வாருங்கள். மிடசோலத்தின் வேலையை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மருந்து இருக்கிறது, புரொபோஃபோல் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கு அப்படி ஒன்று இல்லை. 2009இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால்தான். சரியான கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம், வெறும் வயிறு. வெள்ளவத்தையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வந்த ஓர் அம்மா, "ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார். பக்கத்தில் நின்ற மகள் மெல்லச் சொன்னார்: "ஏழு மணிக்கு ஒரு பால்தேத்தண்ணி மட்டும் குடிச்சவ." தண்ணீரோ பிளேன்டீயோ என்றால் இரண்டு மணி நேரம் போதும். பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். மருந்தில் தொண்டையின் பாதுகாப்பு தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடலாம். அம்மா பகல் ஒரு மணிவரை காத்திருந்தார். மகள் சொன்னதற்காக நான் நன்றி சொன்னேன். உங்கள் ஆஸ்பத்திரி இதைவிடக் கூடுதல் நேரம் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் அன்று காலை என்ன செய்வதென்று முன்கூட்டியே கேளுங்கள்.

குடிப்பழக்கம், தூக்க மாத்திரை, இரவில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, எதையும் மறைக்காதீர்கள். நாங்கள் மருந்தின் அளவை முடிவு செய்வது அதை வைத்துத்தான். குறட்டையைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டால்தான் உண்மை தெரியும்.

"நான் ஓட்டோ பிடிச்சுத் தனியப் போயிடுவன்" என்று சொல்லாதீர்கள். தெளிந்த மாதிரி இருக்கும், ஆனால் மருந்து உடம்பில் இருக்கும். வளர்ந்த ஒருவர் கூட வர வேண்டும். 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டவோ, காணி உறுதி போன்ற எதிலும் கையெழுத்து வைக்கவோ கூடாது.