சூஷ்: டெங்குவின் கால்வழி

இந்தியப் பெருங்கடலில் உள்ள எங்கள் பிரெஞ்சுத் தீவு ரெயூனியனில் டெங்கு கிளம்பினால் செய்திகளில் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் அடிபடும்: செரோதிப், சூஷ். தமிழில் சொல்லும்போது இரண்டையும் 'வகை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது போதாது.

சூஷ் என்றால் முதலில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. அது மறுபடி துளிர்க்குமே, அதனால் வம்சமூலம் என்ற பொருளும் சேர்ந்தது. ஒரு மூலத்திலிருந்து பெருகிய வைரஸ் கூட்டத்துக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயின். ஈனுதல், பெறுதல் என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் வழி வந்து 'இறுக்கம்' எனப் பொருள்படும் ஸ்ட்ரெயின் வேறு, எழுத்துதான் ஒன்று. இயற்பியல் பாடநூல்கள் 'திரிபு' என்பது அந்த இரண்டாவதைத்தான். அதைத் தூக்கி வைரஸுக்கு ஒட்டுவது பொருந்தாது. கொரோனா காலத்தில் பழகிய 'திரிபு' வேரியன்ட்டுக்குச் சரி. அது மாறிய வடிவம். சூஷ் என்பது வழிவழியாக வருவது. அதற்குக் 'கால்வழி' என்ற நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது. 'கொடிவழி' என்றாலும் தப்பில்லை.

அப்புறம் செரோதிப். ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர் சீரம், அதாவது ஊனீர். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கி அதில் விடும் எதிர்ப்பொருள்களை வைத்துப் பிரித்ததால் 'ஊனீர் வகை'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வைரஸ் ஆய்வாளர் ஆல்பர்ட் சேபின் ஹவாய், நியூகினி டெங்கு வைரஸ்களை ஒப்பிட்டு, ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றதை நெடுநாள் தடுக்காது என்று கண்டார். அவை 1, 2 ஆம் வகைகள். 3, 4 மணிலாவில் 1956இல் கிடைத்தன. ஒரு வகை வந்துபோனவருக்குப் பின்னர் வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது.

எங்கள் தீவில் 1977இல் வகை 2, 2004இல் வகை 1, 2017 கடைசியில் மறுபடி 2, 2020, 2021இல் வகை 1இன் ஆதிக்கம். சரி, 2017இல் வந்தது 1977இன் வாரிசா? ஊனீர் வகைக்கு இது தெரியாது. காரைக்காலில் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய பாட்டனைத் தேடுகிறவர் குடும்பப் பெயரோடு நிற்காமல் பதிவேட்டு எண்ணையும் கேட்பதில்லையா, அப்படி வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வில் உள்ள சுமார் 10,700 எழுத்துகளைப் படிக்க வேண்டும். படித்ததில் அது காஸ்மோபாலிட்டன் என்ற மரபணு வகை என்றும், அண்டைத் தீவுகளில் சுற்றிவந்த வைரஸுக்கு உறவு என்றும் தெரிந்தது.

இதற்கெல்லாம் காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். 'தானாக விட்டுவிடும்' என்று ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு லாபுக்குப் போனால் பெரும்பாலும் வைரஸ் போயிருக்கும், எதிர்ப்பொருள்தான் மிஞ்சும். டெங்கு வந்ததென்று அது சொல்லும், கால்வழியைச் சொல்லாது.